ஹெட்டில் இறுகிப்போன டீசல் இன்ஜெக்டரை உடையாமல் கழற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூரின் வில்சன் கார்டனில் உள்ள எங்கள் பட்டறையிலிருந்து ஆடுகோடி நடந்து போகும் தூரம்தான். 1951-இல் தொடங்கப்பட்டு, பின்னர் பாஷ் என்று பெயர் மாறிய மைக்கோ நிறுவனம் டீசல் பம்பும் நாசிலும் செய்து வளர்ந்த இடம் அது. இன்றும் இந்நகரத்தில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சோதனை மேசையில் ஏற்றிப் பார்க்கும் கடையைத் தேடிப் பிடிப்பது பெரிய வேலையல்ல. அந்த இன்ஜெக்டரை ஹெட்டிலிருந்து, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்திலிருந்து, உடையாமல் வெளியே எடுத்து அந்தக் கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. பத்து ஆண்டுகள் ஓடிய டீசல் காரில் நான்கு இன்ஜெக்டரில் ஒன்றாவது அசைய மறுப்பது எங்களுக்குப் பழகிய காட்சி. அவ்வாறு இறுகியதை எப்படிக் கழற்றுவது என்பதை, 1248 சிசி கொண்ட ஃபியட் 1.3 மல்டிஜெட் இன்ஜினை முன்மாதிரியாக வைத்து இங்கே எழுதுகிறேன். மாருதி ஸ்விஃப்ட் டீசலில் 2007 முதல் ஓடிய இந்த இன்ஜின் டாடா, ஃபியட் கார்கள் சிலவற்றிலும் இருந்ததால், எங்களிடம் வருவதில் பெரும்பகுதி இதுவே. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் மற்ற காமன் ரெயில் இன்ஜின்களுக்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். பெட்ரோல் கார்களின் சாதாரண இன்ஜெக்டர்கள் ரப்பர் வளையத்தில் மட்டுமே அமர்ந்திருப்பதால், கையால் திருகினாலே பெரும்பாலும் வந்துவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

எதனால் இறுகியது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்

இன்ஜெக்டர் இறுகுவதற்குக் காரணம் இரண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது.

முதல் காரணம் கரி. இன்ஜெக்டரின் நுனிக்கு அருகே ஒரு காப்பர் வாஷர் இருக்கிறது. எரிவறையின் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது அந்த மெல்லிய வளையம் மட்டுமே. அது தேய்ந்தாலோ, இன்ஜெக்டரை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் கிளாம்பின் போல்ட் தளர்ந்தாலோ, எரிந்த வாயு ஒவ்வொரு வெடிப்பிலும் இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக மேலேறும். அந்த வாயுவில் உள்ள புகைக்கரி டீசல் கசிவோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் கலந்து, முதலில் தார் போலக் குழைந்து, பிறகு சூட்டில் வெந்து கல்லாகிவிடும். பானெட்டைத் திறந்ததும் இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்பாகப் பொங்கி உறைந்த கட்டி தெரிந்தாலும், இன்ஜின் ஓடும்போது "சுஃப் சுஃப்" என்று மூச்சு வாங்குவது போன்ற ஓசை கேட்டாலும், கேபினுக்குள் புகை நாற்றம் வந்தாலும், காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் துரு. இன்ஜெக்டர் எஃகு, ஹெட் அலுமினியம். இடையில் நீர் தங்கினால் இரண்டு உலோகங்களும் அரிபட்டு, பொரிந்த வெண்தூளும் செந்துருவும் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அழுத்தமான நீரைப் பீய்ச்சி இன்ஜினைக் கழுவும் பழக்கம் இதற்கு ஒரு வழி. பெங்களூரில் இன்னொரு வழியும் உண்டு: தூங்குமூஞ்சி மரத்தடியில் ஆண்டுக்கணக்கில் நிறுத்தப்படும் கார்களில், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள பள்ளத்தில் இலைச்சருகு அடைத்து, வடிகால் துளை மூடி, மழைநீர் நேராக இன்ஜின் மேல் சொட்டும்.

துருவுக்கு ஊடுருவும் எண்ணெய் வேலை செய்யும். வெந்து இறுகிய கரிக்கு அந்த எண்ணெய் போதாது. கார்புரேட்டர் கிளீனர் போன்ற கரைப்பானே அதை இளக்கும். கரி பிடித்த இன்ஜெக்டருக்கு மூன்று நாள் துருநீக்கி அடித்துவிட்டு, "எண்ணெய் போட்டுப் பார்த்தாயிற்று, அசையவில்லை" என்று வருபவர்கள்தான் அதிகம். எங்கள் பட்டறையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். கரியைக் குத்தியெடுத்துக் கரைப்பான், அது ஆவியான பிறகு எண்ணெய்.

கழற்றத்தான் வேண்டுமா

நன்றாக அமர்ந்திருக்கும் இன்ஜெக்டரைத் தேவையின்றிக் கழற்றுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். முதலில் ஸ்கேனரைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி கொடுத்துவரும் எரிபொருள் திருத்த அளவைப் பாருங்கள். பிறகு நான்கு இன்ஜெக்டரிலும் மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு சிறு அளவுக் குப்பிகளில் விட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். மற்ற மூன்றைவிடப் பலமடங்கு டீசலைத் திருப்பி அனுப்பும் இன்ஜெக்டர் எதுவோ, அதுவே நோயாளி. பழுது ஒன்றில் மட்டும் இருந்து, மற்ற மூன்றும் கரி கசியாமல் காய்ந்திருந்தால், அந்த மூன்றைத் தொடாமல் விடுவதே என் வழக்கம்.

தொடங்கும் முன்

காமன் ரெயில் குழாய்க்குள் இந்த இன்ஜினில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டி ஏறும். இன்ஜின் ஓடும்போது எந்த உயர் அழுத்தக் குழாயின் நட்டையும் தளர்த்தக் கூடாது. பழைய அம்பாசடர் டீசலில் நட்டைத் தளர்த்திக் காற்று எடுத்த பழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்தியது போல மட்டுமே தெரிந்தாலும் அது அறுவைச் சிகிச்சை தேவைப்படக்கூடிய காயம். வலியில்லை என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்ஜினை நிறுத்திக் குறைந்தது 10 நிமிடம் விடுங்கள். வாகனக் கையேடு கூடுதல் நேரம் சொன்னால் அதுவே கணக்கு. ஸ்கேனர் இருந்தால் ரெயில் அழுத்தம் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே தொடுங்கள். குழாய்களில் கைவைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்; மின்சாரத்தில் விரியும் படிகத்தால் இயங்கும் பீசோ வகை இன்ஜெக்டர்களின் கம்பிகளில் 100 வோல்டுக்கும் மேல் ஓடும்.

கரைப்பானும் டீசலும் இருக்கும் இடத்தில் கேஸ் விளக்கைக் கொண்டு ஹெட்டைச் சூடாக்குவதைச் சிலர் துணிந்து செய்கிறார்கள். தீப்பிடிக்கும் என்பது ஒரு பக்கம். அலுமினிய ஹெட் வளைந்துபோகும் என்பது மறுபக்கம். சூடு தேவைதான், ஆனால் அதை இன்ஜினே தரும். அதைக் கீழே சொல்கிறேன்.

சுத்தம் செய்தலும் ஊறவைத்தலும்

கண்ணாடி அணிந்துகொண்டு, இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள குழியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதுங்கள். கெட்டியான கரியைப் பித்தளைக் கம்பியாலும் மெல்லிய கொக்கியாலும் சுரண்டி, வேக்குவம் குழாயால் உறிஞ்சியெடுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும் சலிப்பான வேலை இது. ஆனால் இப்போது எடுக்காத ஒவ்வொரு துகளும், இன்ஜெக்டர் வெளியே வந்த நொடியில் நேராகச் சிலிண்டருக்குள் விழும்.

அடுத்து, குழியில் கரைப்பானைச் சிறிதளவு விட்டு ஊறவிடுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, குறைந்தது இரண்டு நாள். கடையில் விற்கும் நல்ல ஊடுருவும் எண்ணெய் கிடைக்காதபோது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து பயன்படுத்துகிறோம். அது எளிதில் தீப்பற்றும் என்பதை மறக்கக் கூடாது. குழி நிறைய ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். காப்பர் வாஷர் ஏற்கெனவே கசிந்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும். அதைத் தெரியாமல் ஸ்டார்ட் செய்தால், அழுத்த முடியாத திரவத்தின் மேல் பிஸ்டன் மோதிக் கனெக்டிங் ராட் வளையும்.

"கிளாம்பை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் அதுவே தள்ளிக்கொண்டு வந்துவிடும்" என்ற யோசனையைப் பல மேஸ்திரிகள் சொல்வார்கள். பழைய இன்ஜின்களில் இது பலித்ததுண்டு. காமன் ரெயிலில், ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் சட்டென்று எழும்பினால் அதோடு இணைந்த உயர் அழுத்தக் குழாயும் வளையும். அங்கே விரிசல் விட்டால் என்னவாகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். நான் செய்வதில்லை, என் பையன்களையும் செய்யவிடுவதில்லை.

பாகங்களைப் பிரித்தல்

கழற்றும் நாளன்று சிலிண்டருக்குள் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, கிராங்க் போல்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தடையின்றிச் சுற்றினால் ஸ்டார்ட் செய்து, வழக்கமான ஓட்டச் சூடு வரும்வரை விடுங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். சூடான ஹெட்டில் குழி ஒரு மயிரிழை அகலமாகிறது. குளிர்ந்த இன்ஜினில் நாள் முழுக்க அசையாதது, சூடான இன்ஜினில் பத்து நிமிடத்தில் அசைந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அழுத்தம் இறங்குவதற்கான நேரத்தை விட்டுவிட்டு, சூடு ஆறுவதற்குள் வேலையைத் தொடங்குங்கள். கைகளுக்குத் தடித்த உறை வேண்டும்.

மின் இணைப்புகளைப் பூட்டுக் காதை அழுத்தி எடுங்கள். பழைய பிளாஸ்டிக் நொறுங்கும், இழுக்க வேண்டாம். ரிட்டர்ன் குழாய்களின் கிளிப்புகளைக் கழற்றுங்கள். உயர் அழுத்தக் குழாய்களை எடுத்த உடனே ரெயிலின் வாய்களையும் இன்ஜெக்டர்களின் வாய்களையும் சுத்தமான மூடிகளால் அடைத்துவிடுங்கள்; கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று போதும், புது இன்ஜெக்டரும் பழுதாகும். ஒவ்வொரு இன்ஜெக்டர் மீதும் சிலிண்டர் எண்ணை எழுதுங்கள்.

கிளாம்ப் போல்டில்தான் முதல் ஆபத்து. அதன் தலையிலுள்ள அழுக்கை ஊசியால் எடுத்துவிட்டு, பிட்டைச் சுத்தியலால் ஓரிரு தட்டுத் தட்டி அடிவரை இறக்கிய பிறகே திருகுங்கள். அரைகுறையாக இறங்கிய பிட் போல்டின் தலையைத் தின்றுவிடும். திருகத் தொடங்கியதும் கிறீச்சிட்டு இறுகினால், கொஞ்சம் உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு, மீண்டும் வெளியே. அலுமினியத்துக்குள் முறிந்த போல்ட் தனி வழக்கு.

முதலில் திருகுங்கள், பிறகு இழுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கிளாம்ப் போனதும் எல்லோருடைய கையும் இழுப்பானைத் தேடும். ஆனால் இன்ஜெக்டரைச் சுற்றி 80, 90 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பிடித்திருக்கும் கரியை மேல்நோக்கி இழுத்து அறுப்பதைவிட, சுழற்றி அறுப்பது எளிது. கிளாம்ப் அமரும் இடத்தில் இன்ஜெக்டரின் உடலில் இருபக்கமும் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். அதில் சரியான அளவு ஸ்பேனரைப் பூட்டி, இடமும் வலமும் மெல்ல அசையுங்கள். மேலே உள்ள, இன்ஜெக்டரைத் திறக்கும் மின்காந்தமான சோலனாய்டையோ அதன் நட்டையோ பிடித்துத் திருகக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் அப்படிப் பிடித்துத் திருகி, சோலனாய்டின் கழுத்தை முறித்து, சம்பளத்தில் பிடித்துக் கட்டிய பாடம் அது.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு ஸ்விஃப்ட்டில் மூன்றாம் சிலிண்டர் இன்ஜெக்டர் இப்படித்தான் இறுகியிருந்தது. முதல் நாள் மாலை ஸ்பேனரில் முழங்கை எடையைப் போட்டும் கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தது. கரைப்பான் விட்டு மூடினோம். இரண்டாம் நாள் சூடு ஏற்றித் திருகியபோது, ஸ்பேனரின் நுனி கடிகார முள் ஒரு நிமிடம் நகரும் அளவு நகர்ந்து, விட்டதும் திரும்பி வந்துவிட்டது. அந்தத் திரும்பி வருதலில் ஏமாறக் கூடாது; அது கரி பிடியை விட்டதால் அல்ல, உலோகம் முறுக்கிக்கொண்டதால் வந்த அசைவு. மேலும் அழுத்தாமல், எண்ணெய் விட்டு, இருபது முப்பது முறை இப்படியும் அப்படியும். மாலையில் இன்ஜெக்டரின் ஓரத்தில் ஒரு கறுப்புக் குமிழ் எழுந்து உடைந்தது. எண்ணெய் கீழே இறங்கி, அங்கிருந்த காற்று மேலே வந்திருக்கிறது. அதன் பிறகு திருகியபோது நகர்ந்த ஸ்பேனர் திரும்பி வரவில்லை. நகர்ந்த இடத்திலேயே நின்றால்தான் பிடி விட்டது என்று பொருள். இழுப்பானை அப்போதுதான் எடுக்க வேண்டும்.

இழுப்பான்

எளியது ஸ்லைடு ஹேமர்: நீண்ட கம்பி, அதில் வழுக்கியோடும் எடை, மேல்முனையில் தடுப்பு. அதை இன்ஜெக்டரோடு இணைக்க அடாப்டர் தேவை. டீசல் குழாய் இணையும் மரையில், பாஷ் இன்ஜெக்டர்கள் பலவற்றில் அது எம்14 × 1.5 (14 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி), அடாப்டரைத் திருகி இழுப்பதுண்டு. ஆனால் அந்த வாய் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இன்ஜெக்டர்களில் அப்படி இழுத்தால் விசை ஒரு பக்கமாகச் சாய்ந்து, இன்ஜெக்டர் குழியின் சுவரில் ஆப்பு போல இறுகும், வாயும் ஒடியும். சரியான வழி, சோலனாய்டின் நட்டைக் கழற்றி, அந்த இடத்தில் எம்27 × 1 மரையுள்ள அடாப்டரைத் திருகி, நடு அச்சிலேயே இழுப்பதாகும். இதற்கு ஒரு விலை உண்டு: உள்ளே இருக்கும் சுருள்வில்லும் மெல்லிய ஷிம் தகடுகளும் மைக்ரான் கணக்கில் அமைக்கப்பட்டவை. திறந்த இன்ஜெக்டரைச் சோதனை மேசையில் மீண்டும் அளவு பார்க்காமல் பொருத்த முடியாது. வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடாப்டர்கள் ஜே.சி. ரோட்டில் செட்டாகக் கிடைக்கின்றன. வேண்டிய மரை அதில் இல்லாவிட்டால் பீன்யாவில் ஏதாவதொரு லேத் பட்டறையில் பழைய இன்ஜெக்டரைக் காட்டி நல்ல எஃகில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். மென்மையான இரும்பில் கடைந்தால் மரை உருவிக்கொள்ளும்.

இன்ஜெக்டர் சாய்ந்து நின்றால் ஹேமரின் கம்பியும் அதே சாய்வில் நிற்க வேண்டும். ஒருவர் கம்பியைப் பிடிக்க, இன்னொருவர் எடையை மேலே விடட்டும். ஓங்கிய பத்து அடியைவிட, நிதானமான ஐம்பது அடி நல்லது. பத்து அடிக்கு ஒருமுறை நிறுத்தி, ஸ்பேனரால் திருகி, எண்ணெய் விடுங்கள். ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலும் உடலில் பளபளப்பான கோடு தெரியும். எழும்பியது மீண்டும் இறுகினால், மேலே தட்டிக் கொஞ்சம் உள்ளே இறக்கி, கரித்தூளை ஊதிவிட்டு, மறுபடி இழுங்கள்.

இருநூறு அடிக்கும் அசையாவிட்டால் ஹைட்ராலிக் இழுப்பானுக்குப் போக வேண்டும். நடுவில் துளையுள்ள சிறு சிலிண்டரும் கைப்பம்பும் கொண்ட அந்தக் கருவி பல டன் விசையை அதிர்வின்றித் தரும். அதன் கால்கள் ஹெட்டின் உறுதியான பகுதியில் ஊன்ற வேண்டும். ஹெட்டை மேலே மூடும் மெல்லிய டாப்பட் கவரின் மேல் ஊன்றினால் கவர்தான் உடையும். அழுத்தத்தை ஏற்றி அப்படியே பத்து நிமிடம் நிறுத்திவைத்து, இன்ஜெக்டரின் உடலைப் பித்தளைக் கோலால் மெல்லத் தட்டுங்கள். விடும்போது துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம் வரும். முகத்தை நேர்மேலே வைக்காதீர்கள்.

அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போயும் இன்ஜெக்டர் எழும்பாமல், அடாப்டர் மட்டும் நீள்வது போலத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அடுத்த பம்பில் உடல் இரண்டாகி, நுனியிலுள்ள நாசில் பகுதி அடியில் தங்கும். பிறகு ஹெட்டைக் கழற்றி மெஷின் பட்டறைக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை. உடைந்த பின் ஹெட்டை இறக்குவதைவிட, உடையும் முன் இறக்கி, அடியிலிருந்து தட்டியெடுப்பது பாதிச் செலவில் முடியும்.

குழியைச் சீராக்குதல்

இன்ஜெக்டர் வந்ததும் அதன் நுனியைப் பாருங்கள்; காப்பர் வாஷர் அதில் இல்லையென்றால் குழியின் அடியில் இருக்கிறது. கொக்கிக் கம்பியால் எடுங்கள். அது தெரியாமல் மேலே இன்னொரு வாஷரைப் போட்டுப் பூட்டிய கார்களும் எங்களிடம் வந்திருக்கின்றன; நுனி உயர்ந்து நின்று டீசல் தவறான இடத்தில் தெளிக்கும்.

சிலிண்டருக்குள் போகும் சிறு துளையை, கிரீஸ் தடவிய துணித்திரியால் அடைத்து, அதன் வாலை வெளியே விடுங்கள். வாஷர் அமரும் தளத்தைக் கையால் சுழற்றும் சீட் கட்டரால் தேய்க்க வேண்டும். கட்டரின் பற்களிலும் கிரீஸ் தடவினால் துகள்கள் அதிலேயே ஒட்டும். கரி போகும் அளவு மட்டும். மூன்று நான்கு சுற்றுக்கு மேல் அலுமினியத்தைச் சீவினால் நுனியின் உயரம் மாறிவிடும். விளக்கும் சிறு கண்ணாடியும் வைத்துப் பார்க்கும்போது தளம் முழுவதும் ஒரே நிறத்தில் மின்ன வேண்டும். ஒரு இடத்தில் மங்கலான கீற்று இருந்தாலும் அடுத்த கசிவு அங்கேதான். திரியை எடுத்து, வேக்குவத்தால் உறிஞ்சி, டீசல் வராதபடி பம்பின் இணைப்பைத் துண்டித்து, பேட்டரியை இணைத்து, துளையின் மேல் துணி போர்த்தி, ஸ்டார்ட்டரை இரண்டு விநாடி சுழற்றினால் மிச்சமிருந்த துகளும் எண்ணெயும் வெளியே வீசப்படும். அந்த நேரம் யாரும் குனிந்து பார்க்கக் கூடாது.

திரும்பப் பூட்டுதல்

புது காப்பர் வாஷர், பழையதன் அதே தடிமனில். புது கிளாம்ப் போல்ட்; பல இன்ஜின்களில் இது ஒருமுறை இழுபட்டு நீளும் வகை என்பதால், பழையதை மீண்டும் போட்டுச் சில ரூபாய் சேமித்தால் மேலே சொன்ன கதை முழுவதும் திரும்ப வரும். இன்ஜெக்டரின் உடலில் சூடு தாங்கும் செராமிக் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். நுனியிலும் வாஷரிலும் படவே கூடாது.

இன்ஜெக்டரைக் கையால் அடிவரை இறக்கி, கிளாம்பைத் தளர்வாக வைத்து, உயர் அழுத்தக் குழாயின் நட்டுகளை விரலால் மட்டும் திருகிக் குழாயை இயல்பாக அமரவிடுங்கள். பிறகு கிளாம்பைக் கையேடு சொல்லும் அளவில் டார்க் ரெஞ்சால் இறுக்கி, கடைசியாகக் குழாயின் நட்டுகளை இறுக்குங்கள். வரிசை மாறினால் குழாயின் இழுப்பில் இன்ஜெக்டர் சாய்ந்து அமரும். ரிட்டர்ன் இணைப்புகளின் ரப்பர் வளையங்களையும் மாற்றிவிடுங்கள்.

இன்ஜெக்டரை மாற்றியிருந்தால், அதன் தலையில் பொறித்துள்ள குறியீட்டை ஸ்கேனர் மூலம் உரிய சிலிண்டருக்கு எழுத வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் வண்டி ஓடும், ஆனால் ஐடிலில் நடுங்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்குப் பின் ஐடிலில் ஐந்து நிமிடம் விட்டு, குழாய் இணைப்புகளில் ஈரம் தெரிகிறதா என்று அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், கையைக் கொண்டுபோகாதீர்கள். இன்ஜெக்டரின் அடியில் சோப்பு நீரைச் சில சொட்டு விட்டால், வாஷர் கசிந்தால் குமிழ் வரும். அந்த ஸ்விஃப்ட்டை ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டி வரை ஓட்டித் திரும்பி வந்து, இரவு முழுக்க நிறுத்தி, காலையில் டார்ச் அடித்துப் பார்த்தோம்; நான்கு குழியும் காய்ந்திருந்தன. ஒப்படைக்கும் முன் முன்கண்ணாடிக்குக் கீழே கையை விட்டு, இரண்டு கைப்பிடி தூங்குமூஞ்சிச் சருகை அள்ளிப் போட்டுவிட்டு, வடிகால் துளையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது சக்கரத்தின் பக்கம் வடிகிறதா என்று பார்த்தேன்.